‘மிகுந்த’ என்ற சொல்

லெமுவேல் ஸ்ட்ரவுட் தும்முவதற்குக்கூட சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தும்முவான் என்று எங்கள் கப்பலில் கேலி பேசுவார்கள். அது அநியாயம். தும்மலுக்கு அவன் எழுதியதில்லை. மற்றபடி எழுதாத விஷயம் ஒன்றும் பாக்கி கிடையாது.

கடற்படையில் எதற்கும் ஒரு சீட்டு உண்டு. லீவுக்குச் சீட்டு, பல் பிடுங்கச் சீட்டு. என்ன வேண்டும் என்று எழுதி, ‘மிகுந்த மரியாதையுடன்’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது எங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கும் சீஃப்பிடம் போகும், அவரிடமிருந்து லெப்டினன்ட், பிறகு துணைக் கேப்டன், கடைசியில் கேப்டன் மேஜை. ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டம் போட்டிருக்கும்: சம்மதம், சம்மதமில்லை. நாங்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல் எழுதினோம். லெம் பக்தியோடு எழுதினான். கப்பல் நார்ஃபோக் துறையில் நின்ற ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போக அனுமதி கேட்டு வீட்டு ஃப்ரிஜ்ஜில் சீட்டு ஒட்டிவிட்டு வந்தான். அவன் மனைவி டார்கஸ் லிப்ஸ்டிக்கால் ‘சம்மதமில்லை’ கட்டத்தில் குறி போட்டாள். அவனும் போகவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கப்பலின் முடிவெட்டும் அறை என்னுடையது. கேப்டன் தலையும் கக்கூஸ் கழுவுகிறவன் தலையும் என் கைக்கு ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டால் மனிதர்கள் ஏனோ பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.

லெம்முக்கு இந்தச் சீட்டுப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கென்டக்கியின் நிலக்கரி மலைக்காரன். அப்பன் சுரங்கத்தில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தவர். நமக்கு அந்த இருமல் வேண்டாம் என்று பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடற்படை ஆள்சேர்ப்பு ஆபீசுக்குப் போனான். எலக்ட்ரீஷியன் வேலை தருவதாக அங்கிருந்தவர் வாயால் சொன்னார். இவன் நம்பிக் கையெழுத்துப் போட்டான். சமையல்கட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அன்றிலிருந்து வாயால் சொன்ன எதையும் அவன் நம்புவதில்லை, எழுதி மேலேயிருந்து கையெழுத்தாகி வந்தால்தான் நம்புவான். எலக்ட்ரீஷியனாக அவன் எப்படி இருந்திருப்பானோ தெரியாது. கப்பலை விட்டு ஓட நினைத்த இரண்டு பேர் அவன் செய்யும் சோளரொட்டிக்காகவே ஓடாமல் இருந்தார்கள்.

அவனுக்கு ஒரே மகள், ரோவெனா. கல்லூரிச் சம்பளம் கட்டுவார்கள் என்பதற்காக ஊரில் தேசியக் காவல் படையில் சேர்ந்தாள். வெள்ளம் வந்தால் மணல்மூட்டை அடுக்கும் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், அதுவும் வாயால். பிறகு ஈராக்கில் லாரி ஓட்ட அனுப்பினார்கள். ஒரு தடவை போய்த் திரும்பி வந்தாள். வந்தபிறகு ரோட்டோரம் குப்பைப் பை கிடந்தால் காரை எதிர்ப்பக்கம் ஒடித்துவிடுவாள். குப்பைக்குள் வெடிகுண்டு வைக்கிற ஊரில் ஓட்டிய பழக்கம். கடைக்கு ரொட்டி வாங்கப் போன டார்கஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்து அலறியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத்தான் இரண்டாவது தடவை உத்தரவு வந்தது. வாஷிங்டனில் காங்கிரஸ் சபையிலோ அந்தப் போருக்கு இன்னும் பணமும் இன்னும் ஆளும் அனுப்புவதா என்று வாக்கெடுப்பு வரப்போகிறது. தீர்மானம் தோற்றால் ரோவெனாவின் படை கிளம்பாது என்று பேச்சு. லெம்முக்கு அந்த ஒரு வாக்கெடுப்பைத் தவிர உலகத்தில் வேறு செய்தி இல்லாமல் போயிற்று.

கப்பல் மறுபடி நார்ஃபோக் துறையில் நின்றது, மாலையில் வீட்டுக்குப் போய்வரலாம்; அப்போதுதான் ரெனாட்டா ஒரு மனுவைப் பற்றிச் சொன்னாள். ரெனாட்டா கீலெஸ் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவள், யாருக்கும் பயப்படாத வாய். என் அறையில் லெம்முக்கு நான் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தபோது கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“வேலையில இருக்கிற சிப்பாய்ங்க, மாலுமிங்க எல்லாரும் சேர்ந்து மனுப் போடறாங்க, லெம். ‘இந்தப் போர் வேண்டாம், எங்க ஆளுங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க’ன்னு. மூணே வரி. வீட்டுக்குப் போ, யூனிஃபார்மைக் கழட்டு, சொந்தக் கம்ப்யூட்டர்ல பேரை அடி. உங்க ஊரு காங்கிரஸ் சபை உறுப்பினருக்குத் தானாப் போயிடும்.”

“யாரு அனுமதி குடுக்கறது?”

“யாரும் குடுக்க வேண்டாம்யா. சட்டத்துலயே இருக்கு. சிப்பாய் தன்னோட உறுப்பினருக்கு எழுதறதை யாரும் தடுக்கக் கூடாது.”

லெம் கொஞ்சம் யோசித்தான். “தடுக்கக் கூடாதுன்னுதானே இருக்கு. கேக்கக் கூடாதுன்னு இல்லையே.”

ரெனாட்டா என்னைப் பார்த்தாள். “இவன் தலையில முடியை மட்டும்தான் வெட்டறியா?”

மறுநாள் சீட்டு எழுதினான். அதை என்னிடம் காட்டினான், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க. ‘கோரிக்கை’ என்ற இடத்தில் ‘போரை எதிர்க்க அனுமதி’ என்று இருந்தது. ‘காலம்’ என்ற இடத்தில் ‘போர் முடியும் வரை’. கூடவே உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தையும் குத்தியிருந்தான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

சீட்டு முதலில் சீஃப் பர்டெட்டிடம் போனது. சீஃப் கெட்டவர் இல்லை. ஆனால் உலகம் தீப்பிடித்து எரிந்தாலும், தீயணைக்கக் கேட்டு வந்த காகிதத்தில் ஓரம் சரியாக விட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கடிதத்தை என் நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தார். போர் வேண்டாம் என்ற வரியைக் கண் சிமிட்டாமல் கடந்தார். மகளைப் பற்றிய வரியையும் கடந்தார். கடைசி வரியில் நின்றார். லெம்மைக் கூப்பிடச் சொன்னார்.

“என்னய்யா இது? ‘மரியாதையுடன்’னு முடிச்சிருக்கே?”

“ஆமா சீஃப்.”

“மேல இருக்கிறவங்களுக்கு எழுதினா ‘மிகுந்த மரியாதையுடன்’. நமக்குக் கீழ இருக்கிறவனுக்கு எழுதினாத்தான் வெறும் ‘மரியாதையுடன்’. இத்தனை வருஷம் சட்டி கழுவி என்னத்தைக் கத்துக்கிட்டே?”

“அதான் சீஃப் எனக்குக் குழப்பம். அந்த ஆளு எனக்கு மேலயா, கீழயா? நாங்க ஓட்டுப் போட்டுத்தானே அவரு போனாரு. அப்படிப் பார்த்தா...”

சீஃப் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடற்படைக் கையேட்டில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

“தெரியலேன்னா அதுக்கு ஒரு சீட்டு எழுதிக் கேளு,” என்றார். “அதுவரைக்கும் ‘மிகுந்த’ போட்டுக் கொண்டா.”

லெம் போட்டுக் கொண்டுவந்தான். அடுத்தது லெப்டினன்ட். கல்லூரியிலிருந்து நேரே வந்தவர், முகத்தில் இன்னும் சவரம் செய்ய ஒன்றும் வளரவில்லை, ஆனாலும் வாரம் தவறாமல் வருவார். கடிதம் ‘காட்டமாக’ இருப்பதாகச் சொல்லி, ‘இந்தப் போர் வேண்டாம்’ என்பதை அடித்துவிட்டு ‘இப்போர் தொடர்பான மாற்றுக் கருத்துகள் பரிசீலிக்கப்படலாம்’ என்று திருத்தினார். ‘என் மகள்’ என்பதை ‘படையணியில் பணிபுரியும் உறவினர் ஒருவர்’ என்று ஆக்கினார். லெம் பணிவாக வாங்கிக்கொண்டுபோய், முன்பு எழுதினபடியே மறுபடி எழுதி, மிகுந்த மரியாதையுடன் திருப்பிக் கொடுத்தான். இப்படி அது கீழே வந்து, மேலே போய், மறுபடி கீழே வந்தது.

துணைக் கேப்டனிடம் போனபோதுதான் விஷயம் என்னவென்று எல்லோருக்கும் உறைத்தது. ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் குறி போட்டால், போரை எதிர்க்கத் தாமே சம்மதித்ததாக ஆகிவிடும். ‘சம்மதமில்லை’ என்று போட்டால் சட்டத்தை மீறியதாக ஆகிவிடும். பகையாளி ஏவுகணைக்குப் பதில் சொல்லப் பயிற்சி எடுத்த அத்தனை பேரும் அந்த இரண்டு கட்டத்துக்கு முன்னால் பென்சிலை வைத்துக்கொண்டு முழித்தார்கள். கடைசியில் சீட்டு கேப்டன் மேஜைக்கு ஏறியது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் கேப்டன் முடிவெட்ட வந்தார்.

“நீ என்ன நெனைக்கிறே?” என்றார் திடீரென்று.

“எதைப் பத்தி சார்?”

“பொதுவா.”

“பொதுவா, பின்பக்கம் கொஞ்சம் கொறச்சா நல்லாருக்கும் சார்.”

பின்பக்கத்தைக் குறைத்தேன். பிறகு அவராகவே சொன்னார்: “நான் மறுக்கலையே. என் மேஜையில பத்திரமா இருக்கு.” கேப்டன் படித்தவர், பண்பானவர், யாரையும் பார்த்துக் கத்த மாட்டார். அவரை மாதிரி ஆட்களிடம் போன காரியம் மறுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நடந்தும் பார்த்ததில்லை.

ரெனாட்டாவுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றபடியே லெம்மைப் பிடித்தாள். “யோவ், இன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போறேல்ல? பேரை அடிச்சு அனுப்பு. முடிஞ்சுது.”

“சீட்டு மேல போயிருக்கு ரெனாட்டா. திரும்பி வர்றதுக்குள்ள நானா செஞ்சா அது ஒழுங்கா?”

“அங்க உன் பொண்ணுக்குப் பெட்டி கட்டறாங்கய்யா.”

“கேப்டன் நல்ல மனுஷன். போட்டுருவாரு.”

இதற்கு நடுவில்தான் உறுப்பினர் பிக்ஸ்பி கப்பலுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. கார்லைல் பிக்ஸ்பி, லெம்முடைய ஊர் உறுப்பினரேதான். வாக்கெடுப்பு அடுத்த வாரம். அதற்குமுன் வீரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் படம் நன்றாக வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்படி யார் வந்தாலும், அவர் மாநிலத்து மாலுமிகளைப் பொறுக்கி எடுத்து அவர் மேஜையில் உட்கார வைப்பது வழக்கம். எங்கள் கப்பலில் கென்டக்கிக்காரர்கள் சொற்பம். அதில் ஒருவன் லெம். சீஃப் பர்டெட் அவனை என் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“லெம், உறுப்பினருக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு போடணும். நீ சமைச்சாத்தான் சரிவரும். உள்ளயே இரு,” என்றார். மேஜையில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது. சீஃப் என்னைப் பார்த்தார். “நீ எந்த ஊரு?”

“ஒஹையோ, சீஃப்.”

“கென்டக்கிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே. இன்னிக்கு ஒரு நாள் நீ கென்டக்கி.”

அப்படித்தான் நான் பிக்ஸ்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பெரிய உருவம், வாய் நிறையப் பல். லெம் பன்றிக்கறி போட்டுக் கொதிக்கவைத்த பீன்ஸும் சோளரொட்டியும் அனுப்பியிருந்தான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பிக்ஸ்பி எழுந்தே விட்டார்.

“இதைச் செஞ்ச ஆளை நான் பாக்கணும்.”

“அவர் கொஞ்சம் வேலையா இருக்கார் சார்,” என்றார் கேப்டன்.

“நான் போய்ப் பாக்கறேன். நம்ம ஊரு ஆளு.”

எல்லோரும் பின்னால் ஓடினோம். சமையல்கட்டில் ஆவிக்கு நடுவே லெம் கரண்டியோடு விறைத்து நின்றான். பிக்ஸ்பி அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டார். ஃபோட்டோக்காரர் முன்னால் வந்தார்.

“எந்த ஊருப்பா? ... அடடே, அங்க நாலு தடவை கூட்டம் போட்டிருக்கேன். சொல்லு, உனக்கு என்ன வேணும்? இவங்க எல்லாம் இருக்காங்களேன்னு பாக்காத. என்கிட்ட நேரா சொல்லு.”

லெம் தொண்டையைச் செருமினான். “சார், உங்களுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன்.”

“அனுப்பு. எனக்கு வர்றதை எல்லாம் நானே படிக்கிறேன்.”

“அனுப்ப முடியல சார். கேப்டன் மேஜையில இருக்கு.”

கேப்டனுடைய காது சிவந்தது; அந்தக் காதுகளை எனக்கு நெருக்கமாகத் தெரியும். பிக்ஸ்பி ஒரு முறை கேப்டனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அதனால என்ன? வாயாலேயே சொல்லேன். லெட்டர்ல என்ன இருக்கு?”

இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வாய்ப்பு வேண்டும்? வாக்குப் போடப்போகிற ஆள் தோளில் கை போட்டுக்கொண்டு காதை நீட்டிக் கேட்கிறார். தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ரெனாட்டா கதவருகே நின்று வாயசைத்துக் காட்டினாள்: சொல்லு, சொல்லு. லெம் சீஃப்பைப் பார்த்தான், கேப்டனைப் பார்த்தான், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான்.

“சீட்டு இன்னும் வரல சார்,” என்றான். “வந்தப்புறம் அனுப்பறேன்.”

“பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் ஒழுக்கம்,” என்றார் பிக்ஸ்பி. ஃபோட்டோ எடுத்தார்கள். லெம்மை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் என்று எனக்கு வந்தது. அவ்வளவு கோபமும் அவ்வளவு பரிதாபமும் ஒரே ஆள்மேல் எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே சீட்டு திரும்பி வந்தது. கேப்டன் இரண்டு கட்டத்தையும் தொடவில்லை. ஓரத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘இதற்கு அனுமதி தேவையில்லை.’

லெம் கடிதத்தைத் தபாலில் போட்டான். வாஷிங்டனுக்குப் போகிற தபால் விஷப்பொடி இருக்கிறதா என்று எங்கோ ஒரு கிடங்கில் சோதனைக்குக் கிடந்துவிட்டுத்தான் போய்ச் சேரும். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. பணமும் ஆளும் அனுப்புவது என்று தீர்மானம். பிக்ஸ்பி ஆதரித்து வாக்களித்தார். சபையில் பேசும்போது, தான் ஒரு கப்பலுக்குப் போனதாகவும், தன் ஊர்ச் சமையல்காரர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசியதாகவும், அவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்றும் சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. லெம்மை வீழ்த்த அந்த உண்மையே போதுமானதாக இருந்தது.

ரோவெனா போய்விட்டாள். அவள் போனபிறகு பிக்ஸ்பி ஆபீசிலிருந்து பதில் வந்தது: போருக்குத் தாங்கள் அளித்துவரும் ஆதரவுக்கு நன்றி. கூடவே அந்த ஃபோட்டோ, கையெழுத்துப் போட்டு. அதே படம் ஊர்ப் பத்திரிகையிலும் வந்தது, ‘நம் வீரர்கள் உறுப்பினரின் பக்கம்’ என்று. டார்கஸின் அக்கா ஒருத்தி பெருமை தாங்காமல் அதை வெட்டி, பிஸ்கட் டப்பாவோடு சேர்த்து ரோவெனாவின் முகாமுக்கே அனுப்பிவைத்தாள்.

ரோவெனா அங்கிருந்து கூப்பிட்டாள். அந்தப் பேச்சை லெம் என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னான்.

“அப்பா, பேப்பர்ல உன்னைப் பாத்தேன். அவர்கிட்ட என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல, ரோ.”

“என்னைப் பத்தியுமா?”

“எழுதித்தான் வெச்சிருந்தேன்மா. அனுமதி வரல.”

அவள் சிரித்தாளாம்.

“நம்ம வீட்டு ஃப்ரிஜ்ல ஒட்டியிருக்கலாம்ல அப்பா. நானாவது கையெழுத்துப் போட்டிருப்பேனே.”

அதைச் சொல்லிவிட்டு லெம் அழுதான். கழுத்தில் துணி கட்டியிருந்ததால் கையை வெளியே எடுக்க முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். சீவிவிட்டு அனுப்பினேன்.

அன்று அவன் வீட்டுக்குப் போய் யூனிஃபார்மைக் கழற்றி, அந்த மனுவில் தன் பெயரை அடித்திருக்கிறான். டார்கஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அதோடு விடாமல் பிக்ஸ்பிக்கு இன்னொரு கடிதமும் எழுதினான். சீட்டு இல்லை, யாரையும் கேட்கவில்லை. மறுநாள் அதன் நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தபோது, நாற்காலியில் சீஃப் பர்டெட் இருந்தார். அவர் கை நீட்டினார். லெம் தயங்காமல் கொடுத்தான். நான் சீஃப்பின் தோளுக்கு மேலாகவே படித்தேன்.

‘அன்று சமையல்கட்டில் நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இந்தப் போர் வேண்டாம். என் மகள் ரோவெனாவைத் திருப்பி அனுப்புங்கள். என் தோளில் கை போட்டு எடுத்த படத்தைக் காட்டி நான் உங்கள் பக்கம் என்று இனி சொல்லாதீர்கள். மரியாதையுடன், லெமுவேல் ஸ்ட்ரவுட்.’

சீஃப் முழுதும் படித்தார். ஓரம் சரியாக விட்டிருக்கிறதா என்று பார்த்தார். மகளைப் பற்றிய வரிக்குத் திரும்பிப்போய் மறுபடி படித்தார். அதை நான் கவனித்தேன். பிறகு பழக்கதோஷம், விரல் கடைசி வரிக்குத்தான் போனது.

“லெம், ‘மிகுந்த’ விட்டுப்போச்சே.”

“விட்டுப்போகல சீஃப்,” என்றான் லெம். “எடுத்துட்டேன்.”